கஸ்பார் ஓடாவி பாய் மாத்தின படகு

நான் சொல்லப் போறதுல பொய் எதுவும் கிடையாது. பொய் பூராவும் கஸ்பார் ஓடாவி சொன்னது. நான் பக்கத்துல நின்னு கேட்டவன், அவ்வளவுதான்.

படகு கட்டுற ஆசாரியை எங்க தூத்துக்குடிப் பக்கம் ஓடாவின்னு சொல்லுவோம். ஓடைக்கரையில அவரு பட்டறை. பலகை இடுக்குல பஞ்சு அடைக்கிறது என் வேலை. கூட சூசைன்னு ஒருத்தன், இழைப்புளி போடுறவன். கை ஓடுதோ இல்லியோ, அவனுக்கு வாய் ஓடிக்கிட்டே இருக்கும்.

பல் டாக்டர் அருமைநாயகம் ரிட்டயர் ஆன கையோட, கொச்சியில ஒரு வெள்ளைக்காரன்கிட்ட ஃபைபர் பாய்ப்படகு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. முப்பதடி நீளம். நடுவுல நெட்டுக்கு ஒரு அலுமினியக் கம்பம், அதுல முக்கோணமா வெள்ளைப் பாய். டாக்டருக்கு அது புடிக்கல. பழைய கப்பல் படத்துல வர்ற மாதிரி கட்டையா ஒரு மரம், அதுல நாலு மூலைப் பாய் வேணும்னுட்டாரு. பாயோட மேல் விளிம்பைத் தூக்கிப் புடிக்கச் சாய்வா ஒரு கைமரம் இருக்கணும். அந்தக் கைமரத்தோட நுனி கவட்டை மாதிரிப் பொளந்து பாய்மரத்தைக் கவ்விக்கிட்டு நிக்கணும். காஃப் ரிக்னு அதுக்குப் பேராம். "என்ன பெரிய ரிக்கு, ரெண்டே மாசம்"னு மாதா கோயிலைக் கைகாட்டிச் சொன்னாரு ஓடாவி. ஏழு மாசம் ஆச்சு.

அலுமினியக் கம்பத்தைப் புடுங்கிப் போட்டதோட வேலை நின்னுபோச்சு. புதுப் பாய்மரத்துக்குன்னு அருமையான புன்னை மரம் ஒண்ணு வாங்கி ஓடைச் சேத்துல புதைச்சாரு. சேத்துல ஊறினாத்தான் மரம் வெடிக்காது, பூச்சியும் அண்டாது. புதைச்ச எடத்துக்கு அடையாளம் வேணும்லா? கடல்ல மீன் கெடக்குற எடத்தை, கரையில தெரியுற ரெண்டு பொருளை நேர் புடிச்சு ஞாபகம் வச்சுக்கிடுவோம். அதே மாதிரி இவரும் ரெண்டு எடத்தை நேர் புடிச்சாரு. ஒண்ணு மாதா கோயில் கோபுரம். இன்னொண்ணு, திருவிழாவுக்குக் கட்டியிருந்த சீரியல் பல்பு வளைவு. திருவிழா முடிஞ்சுது, வளைவைக் கழட்டி வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னையிலருந்து மரம் எங்க கெடக்குன்னு அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

போன வாரம் ஒருநாள் காலங்காத்தால டாக்டர் வந்து நின்னாரு.

"ஓடாவி, எம் படகு எங்க? இன்னைக்கு முடிஞ்சிருக்கலேன்னா மணப்பாட்டுச் சிலுவையாகிட்ட கொண்டுபோயிருவேன், ஆமா."

ஓடாவிக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. சிலுவையாவும் ஓடாவிதான். அது போக, இவரு சம்சாரத்தோட தம்பி. படகு அவன் கைக்குப் போச்சுன்னா இவரு வெளிய தலை காட்ட முடியாது, வீட்டுக்குள்ள சுத்தமா முடியாது. படகு என்னமோ பட்டறைக்குப் பின்னாலதான், தென்னங்கீத்து போட்டு மூடி, மொட்டையாக் கெடக்கு.

"முடிஞ்சிருக்கலேன்னாவா? டாக்டரையா, முடிஞ்சுபோனதுதான் இப்பப் பிரச்சினையே! உக்காருங்க சொல்லுதேன்"னு ஸ்டூலைத் தள்ளிப் போட்டாரு ஓடாவி.

"முதல்ல அந்த அலுமினியக் கம்பம். வரவே மாட்டேன்னுட்டு. நீங்க கடவாய்ப் பல்லு புடுங்குவீங்கல்லா, அந்த மாதிரி படகு நெஞ்சுல முட்டியை வச்சு ஒரே இழுப்பு. வந்த வேகத்துல நான் மல்லாக்க விழுந்தேன், கம்பம் கையை விட்டு மேல போயிட்டு. இன்னும் கீழ வரல. ஏரோபிளேன்காரன் இப்பல்லாம் வளைஞ்சு வளைஞ்சு போறானே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"அண்ணாச்சி, அதுலதானே உங்க வீட்ல துணி காயப் போடுதாங்க?"ன்னான் சூசை.

"ஏல, அது வேற கம்பம். இதுக்குத் தம்பி முறை."

"புதுப் பாய்மரம் என்ன ஆச்சு?"ன்னு டாக்டர் கேட்டாரு.

"அது சேத்துலல்லா கெடக்கு, எங்கன்னே தெரிய..."ன்னு சூசை உளறிட்டான். டாக்டர் அதைக் காதுல வாங்கிக்கிட்டாரு.

"சேத்துலதான் கெடந்துச்சு! அங்கதான் வினையே"ன்னு ஓடாவி அவனை அமுக்கினாரு. "ஓடைச் சேத்தை வயிறு முட்டக் குடிச்ச மரம் டாக்டரையா. படகுல நட்டேன், மறுநாளே துளிர் விட்டுட்டு. மூணாம் நாள் பூ, ஒரு வாரத்துல காய். பாயே கட்டல, இலையில காத்தைப் புடிச்சுப் படகு நகருது! நான் விடுவேனா? உங்களுக்கு நாலு மூலைப் பாய்னு வாக்குக் குடுத்தாச்சே. மேல ஏறி உக்காந்து ஒவ்வொரு இலையாக் கிள்ளிப் போட்டேன். ஒரு காக்கா மட்டும் கூடு கட்டியிருந்துச்சு. பிள்ளைத்தாச்சி, பாவம், அதை ஒண்ணும் பண்ணல."

"கைமரத்துக்குக் கவட்டை?"

"மரத்துல செஞ்சா தேஞ்சு போகும்லா? சுறாத் தாடையை வச்சுட்டேன். என்னா புடி தெரியுமா! ஏத்துனா கவ்விக்கிடும், இறக்குன்னா விடாது. கருவாட்டுத் துண்டைக் காட்டினாத்தான் வாயைத் திறக்கும். அதுல ஒரு சொத்தைப் பல்லு இருந்துச்சு. உடனே உங்களைத்தான் நினைச்சேன்."

டாக்டருக்குச் சுருக்குன்னு கோவம் வந்துட்டு. "சுறாவுக்குச் சொத்தை விழாது வே! அதுக்குப் பல்லு விழுந்து விழுந்து முளைக்கும். முப்பது வருஷம் பல்லு பார்த்தவன்கிட்டயா கதை விடுதீரு?"

"மத்த சுறாவுக்கு விழாது. இது சீனி மூட்டை ஏத்துற கப்பலுக்குப் பின்னாலயே அலைஞ்ச சுறா."

அதைச் சொன்னதும் ஓடாவிக்குத் தெம்பு வந்துட்டு. சட்டைக் கையை மடக்கி விட்டாரு.

"பாயை ஏத்தினேன். கச்சான் காத்து அடிக்கிற நேரம். ஊர்ல அடிச்ச காத்து அம்புட்டும் பாய்க்குள்ள போயிட்டு, வெளிய பொட்டுக் காத்து கிடையாது. பொம்பளையளால அரிசி புடைக்க முடியல. கயத்தாறு காத்தாலை பூராவும் நின்னுபோச்சு. பெரிய ஆபீசர்மாரு நாலு பேரு ஜீப்புல வந்து, 'ஓடாவி, ஊரே இருட்டிக் கெடக்கு, பாய்ல ஒரு ஓட்டையாவது போடும்'னு என் காலைப் புடிக்காத குறை. சரி போங்கன்னு ஒரு பொத்தான் அளவுக்கு ஓட்டை போட்டேன். அந்தக் காத்துலதான் உங்க வீட்டு வேப்பமரம் போச்சு."

"எங்க வீட்ல வேப்பமரமே கிடையாது வே."

"பார்த்தீங்களா! வேரோட போயிருக்கு."

நான் பஞ்சுக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டுச் சிரிச்சேன். டாக்டர் சிரிக்கல. "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்"னு எந்திரிச்சு, நேரா பட்டறைக்குப் பின்பக்கம் நடந்தாரு.

"அண்ணாச்சி, போச்சு! அந்தப் பக்கம் போறாரு"ன்னு சூசை கிசுகிசுத்தான்.

ஓடாவிக்கு நெத்தியில வேர்த்துக் கொட்டுது. ஆனா வாயை மட்டும் நிறுத்தல. பின்னால போறவருக்கும் கேக்கணும்னு தொண்டையைக் கிழிச்சுக்கிட்டுக் கத்தினாரு.

"டாக்டரையா! நான் கயித்தை அவுக்கச் சொன்னதுதான் தெரியும், படகு பாஞ்சுட்டு! கண்ணை மூடித் திறந்தா கொழும்பு! கரையில இறங்கி நிக்கேன், 'ஏல, கயித்தை அவுலே'ன்னு இங்க நான் கத்துன சத்தம் அப்பத்தான் அங்க வந்து சேருது! ஒரு பிளேன்டீ குடிச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள, கட்டின கயித்தை அறுத்துக்கிட்டுப் படகு தன்னால போயிட்டு! வந்துரும், எங்க போகப் போகுது?"

"அப்ப நீங்க எப்படித் திரும்பி வந்தீங்க?"ன்னான் சூசை. இவனுக்கு நேரங்காலமே தெரியாது.

"அந்தச் சத்தம் எதிரொலிச்சு ஊருக்குத் திரும்பிச்சுல்லா? அதைப் புடிச்சுக்கிட்டு வந்தேன். வாயை மூடுலே."

டாக்டர் திரும்பி வந்தாரு. கையில ஒரு தென்னங்கீத்து.

"ஓடாவி, பின்னால இதுக்கு அடியில ஒரு ஃபைபர் படகு கெடக்கு. முப்பதடி. பாய்மரம் இல்ல. எம் பொண்டாட்டி பேரு எழுதியிருக்கு. அது என்னது வே?"

மனுஷன் இத்தோட ஒழிஞ்சாரு, சிலுவையா ஜெயிச்சுட்டான்னுதான் நினைச்சேன். ஓடாவி அந்தக் கீத்தைப் பார்த்தாரு. டாக்டரைப் பார்த்தாரு.

"அதுவா? அது நிழலு."

"என்னது?"

"படகு போன வேகத்துக்கு நிழலால கூடப் போக முடியல டாக்டரையா. இங்கயே தங்கிட்டு. வெயில்ல கெடந்தா வெளுத்துப் போகுமேன்னு நான்தான் கீத்துப் போட்டு மூடி வச்சிருக்கேன்."

டாக்டர் ரோட்டுப் பக்கம் திரும்பிக் கையை அசைச்சாரு. அவரு கையோட கொண்டு வந்திருந்த லாரி ஒண்ணு உறுமிக்கிட்டு வந்து பட்டறை வாசல்ல நின்னுச்சு.

"நிழல்னா நல்லதாப் போச்சு. கனமே இருக்காது. வாரும், நீரு ஒத்த ஆளாத் தூக்கி லாரியில வையும்."

ஓடாவி வெளிய வந்தாரு. இடுப்புல கையை வச்சு, கண்ணைச் சுருக்கி, சூரியனை அண்ணாந்து பார்த்தாரு.

"தூக்கிரலாம் டாக்டரையா. ஆனா இப்ப மணி எட்டுதானே? காலை நிழலு, நீளமால்லா கெடக்கும். உச்சிக்கு வரட்டும், காலடிக்குள்ள சுருங்கிரும். ஒத்தக் கையில தூக்கிக் கொண்டாந்து வைக்கேன்."

சூசை வாயைப் பொத்திக்கிட்டான். டாக்டருக்கு மீசை துடிச்சுது, கோவமா சிரிப்பான்னு எனக்குத் தெரியல. டிரைவரைப் பார்த்து இஞ்சினை அணைக்கச் சொன்னாரு. ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஓடையைப் பார்க்க உக்காந்தாரு.

"சரி வே. உச்சி வரைக்கும் இருக்கேன். மண்வெட்டியை எடுத்துக்கிட்டுச் சேத்துல இறங்கும். பன்னெண்டு மணிக்கு அந்த மரம் வெளிய வரலேன்னா, நிழலோட சேத்து உம்மையும் லாரியில ஏத்திக் கொண்டுபோய் உம்ம மச்சினன் வாசல்ல இறக்கிருவேன்."