சூறாவளிக்கு வந்த ராஜ மரியாதை

கொன்றைமங்கலத்தை ஆண்ட ராஜா வீரபெருமாளுக்கு ராணி மேல் பிரியம், நாய் மேல் உயிர். இதை ராணியே சொல்லுவாள், கொஞ்சம் கடுப்போடு.

நாயின் பெயர் சூறாவளி. சிப்பிப்பாறை ஜாதி. வந்த புதிதில் அது ஓடினால் முயல் தோற்கும். அதெல்லாம் அப்போது. இப்போது அம்மிக்கல் மாதிரி சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. நாலு அடி வைத்தால் நாக்குத் தள்ளும். வெள்ளித் தட்டில் வைக்கிற சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு மாதமாக இதே கூத்து.

"ஐயோ, பட்டினி கிடந்து கிடந்து பிள்ளை எப்படி வீங்கிப் போயிருக்கிறான் பாருங்கள்!" என்று ராஜா கண் கலங்கினார். சபையில் யாராவது சிரிக்க முடியுமா? எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

பழியெல்லாம் நாய்க்குச் சமைத்துப்போடும் சுடலைமுத்துவின் தலையில் விழுந்தது. பாவம் மனுஷன். இரண்டு வேளையும் கம்பஞ்சோறும் உப்பில்லாத கறியும் வேகவைத்து, ஆறவைத்து, கையால் பிசைந்து வைப்பான். பக்கத்தில் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரும் வைப்பான்.

தளவாய் ரங்கப்பன் சமயம் பார்த்துத் தூபம் போட்டார். "மகாராஜா, இவன் கைப்பக்குவம் சரியில்லை. என் மைத்துனன் வீட்டில் சும்மாதான் இருக்கிறான்..."

"ஏழு நாள் தருகிறேன்!" என்றார் ராஜா. "ஏழாம் நாள் மாலை சூறாவளி தட்டைக் காலி செய்யவில்லை என்றால், சுடலை, நீ குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்பு!"

சுடலைமுத்து நேராகக் கூத்தபிரான் வீட்டுக்கு ஓடினான். கூத்தபிரான் சபையில் ராஜாவின் யோசனைக்காரர். ஆள் குள்ளம், மூளை நெட்டை.

"சாமி, பொண்டாட்டி நிறைமாசம். இந்த நேரத்துல அவளைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?" என்று அழுதான்.

"அழாதே. நாளைக்கு நான் சும்மா உட்கார்ந்து நாயைப் பார்க்கிறேன்."

பார்த்தார். அடேயப்பா! சபைக் கவிராயர் மடியிலிருந்து ஓர் அதிரசம் வந்தது. தளவாய் சால்வைக்குள்ளிருந்து ஊசிப்போன உளுந்த வடை இறங்கியது. வருகிறவன் போகிறவன் எல்லாம் ஏதாவது நீட்டினான். காரணம் எளிது. சூறாவளி யாரைப் பார்த்து வாலாட்டுகிறதோ, அவரைப் பார்த்து ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் அந்த வீட்டில் அன்றைக்குப் பொங்கல்தான்.

ராஜா மட்டும் என்ன? நெய்யப்பத்தைப் பாதி கடிப்பார், மீதியைச் சிம்மாசனத்துக்குக் கீழே மெல்ல நழுவ விடுவார். இதை அவரிடம் நேரே சொல்லிவிட்டு உருப்பட முடியுமா?

மறுநாள் காலை கூத்தபிரான் கும்பிட்டுக் கேட்டார். "மகாராஜா, சூறாவளியை நாங்கள் யாராக நினைக்க வேண்டும்?"

"என்னைப் போலவே நினையுங்கள்! எனக்குள்ள மரியாதை எல்லாம் அவனுக்கும் உண்டு."

"இதை ஆணையாக்கலாமா?"

"தாராளமாக!"

முரசு முழங்கியது. தளவாய் அந்தச் சந்தோஷத்தில் சூறாவளிக்கு ஒரு வடையை நீட்டினார்.

"நில்லுங்கள்!" என்றார் கூத்தபிரான். "மகாராஜாவுக்கு ஏதாவது கொடுக்கிறவர், அதில் பாதியைப் பிட்டுத் தின்று காட்டிவிட்டுத்தானே கொடுக்க வேண்டும்? அதுதானே அரண்மனை முறை?"

தளவாய் வடையைப் பிட்டார். நூல் நூலாக வந்தது.

"தின்னும்," என்றார் ராஜா.

தின்றார். அடுத்தது கவிராயர். போன பண்டிகைக்குச் சுட்ட அதிரசம் அது. அன்று மத்தியானம் இருவரும் சபைக்கு வரவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. மறுநாள் முதல் எல்லாருடைய மடியும் காலி.

நாலாம் நாள் சூறாவளி கால் தட்டுச் சோறு தின்றது. சுடலைமுத்துவுக்கு அது போதவில்லை. "பொறு," என்றார் கூத்தபிரான். "பெரிய கை ஒன்று பாக்கி."

அன்று சபை நடுவில் அவர் அலறினார். "மோசம் போனோமே! மகாராஜாவுக்கு யாரோ எச்சிலைக் கொடுத்திருக்கிறார்கள்!"

ராஜா துள்ளி எழுந்தார். "எனக்கா? எச்சிலா?"

"சூறாவளிக்கு, மகாராஜா. ஆணைப்படி இரண்டும் ஒன்றுதானே!"

"யார் அந்தத் துணிச்சல்காரன்? மூன்று நாள் பட்டினி போடு அவனை!"

கூத்தபிரான் ஒரு வாழையிலையைப் பிரித்தார். உள்ளே பாதி நெய்யப்பம். "சிம்மாசனத்துக்கு அடியில் கிடைத்தது. கடித்தவருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. பாருங்கள், நடுவில் ஒரு சின்ன மேடு."

சபையே எட்டிப் பார்த்தது. ராஜா மெதுவாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"குற்றவாளி பாசத்தில் செய்திருப்பார், மகாராஜா," என்று கூத்தபிரான் பணிவாகச் சொன்னார். "பட்டினி வேண்டாம். சூறாவளி சாப்பிடும்போது அவரும் சாப்பிடட்டும். மணி அடித்தால் சாப்பாடு, காலையும் மாலையும். நடுவில் தண்ணீர் மட்டும். கால் நாழிகைக்குள் சாப்பிடாவிட்டால் தட்டை எடுத்துவிட வேண்டும். மூன்று நாளைக்கு."

"ம்... அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா, பொத்திய கைக்குள்ளிருந்து.

அந்த மூன்று நாளும் நெய்யப்பம் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. முதல் நாள் ராஜாவும் நாயும் ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே கழித்தார்கள். இரண்டாம் நாள் இருவரும் தோட்டத்தைச் சுற்றி நடந்தார்கள்.

ஏழாம் நாள் மாலை. சுடலைமுத்து தட்டை வைத்தான். அவன் மனைவி தூண் ஓரமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. தோட்டத்திலிருந்து சூறாவளி பாய்ந்து வந்தது. பின்னாலேயே ராஜாவும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். சூறாவளி தலை நிமிரும்போது தட்டில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு சுத்தம்.

சுடலைமுத்து உட்கார்ந்து அழுதே விட்டான். ராஜா தன் கைக்காப்பைக் கழற்றி அவன் கையில் போட்டார். "இனி இவன் சாப்பாட்டில் உன் பேச்சுதான் சட்டம். நான் கேட்டாலும் கொடுக்காதே!" என்றார். பிறகு கூத்தபிரானைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாயைத் திருத்துகிற சாக்கில் என்னைத் திருத்திவிட்டாயே, படவா! உனக்கு என்ன வேண்டும், கேள்."

"ஒரே ஒரு நெய்யப்பம் போதும், மகாராஜா," என்றார் கூத்தபிரான். "முழுசாக இருந்தால் நல்லது."