புழு என்ன பண்ணுது?

"அம்மா, இங்க ஒருத்தருக்குத்தான் எடம் இருக்கு. நானா, ஐயம்பெருமாளா?"

தாணுமாலயன் இதைக் கேட்டப்போ, பிரமு அம்மை பழையசோத்துல ஒரு கவளத்தை உருட்டி வாய்க்கிட்ட கொண்டுபோயிருந்தாங்க.

கவளம் அங்கேயே நின்னுடுச்சு.

அது அம்மையோட பழக்கம். யாராவது ஒண்ணு கேட்டுட்டா, பதில் சொல்லி முடிக்காம வாயில சோறு வைக்கமாட்டாங்க.

மலையடிவாரத்துல அந்தக் குடிசைக்கு சிஷ்யங்கன்னு இருந்ததே ரெண்டு பேருதான். ரெண்டு பேருமே அம்மையவிட வயசுல மூத்தவங்க. தாணு ரிட்டயரான பஸ் கண்டக்டர். ஐயம்பெருமாள் ஜவுளிக்கடையில ஆயுசு பூரா துணி கிழிச்சவரு. மூக்குக்கண்ணாடி இல்லாம அவரை யாரும் பாத்ததில்ல.

தாணு காலையில ஆத்மாவப் பத்திக் கேட்டா, ஐயம்பெருமாள் மத்தியானம் பரமாத்மாவப் பத்திக் கேப்பாரு. விட்டுற முடியுமா? சாயங்காலம் தாணு அதைவிடப் பெருசா ஒண்ணைத் தூக்கிட்டு வருவாரு. அம்மைக்குப் பிறகு அந்தக் கோரப்பாயில யாரு உக்காருறதுங்கறதுதான் போட்டி.

அம்மையோட வளையல் இப்பல்லாம் முழங்கை வரைக்கும் ஏறி எறங்குச்சு. அதை ரெண்டு பேரும் பாக்கல.

அம்மை கவளத்தைச் சட்டியிலயே போட்டுட்டு எந்திரிச்சாங்க. ரெண்டு பேரையும் கொல்லையில நின்ன ஆமணக்குச் செடிக்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க.

இலையில ஒரு காவடிப்புழு. முதுகை வளைச்சு வளைச்சு நகந்து, கறுக் கறுக்னு தின்னுக்கிட்டிருந்துச்சு.

காலையில ஒரு குட்டிக் குளவி வந்து இதைக் குத்தி, உள்ள முட்டை வச்சுட்டுப் போச்சாம். பின்னாலேயே இன்னொரு குளவி வந்து அதுவும் வச்சுட்டுப் போச்சாம். பஸ் வர்ற நேரம் சொல்ற மாதிரி சாதாரணமா அம்மை சொன்னாங்க.

"உள்ள ரெண்டும் பொரியும். தின்னு வளர எடம் ஒண்ணுக்குத்தான். பொரிஞ்சதுமே ஒண்ணையொண்ணு கடிச்சுக்கும். மிஞ்சினது வளந்து, வெளிய வந்து கூடு கட்டும். என்ன ஆகுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க, அண்ணாச்சி."

செடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர்னு உக்காந்தாங்க.

"மொதல்ல வந்தது நான்தான் வே," தாணு சொன்னாரு.

"பின்னால வந்தவனுக்குத்தான் வே பசி ஜாஸ்தி," ஐயம்பெருமாள் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டாரு.

நாள் போச்சு. காவல் மாத்தி மாத்தி உள்ள ஓடிப்போய் அம்மைக்கிட்ட சந்தேகம் கேக்கறதை மட்டும் ரெண்டு பேரும் நிறுத்தல.

ஒரு மத்தியானம், ஆமணக்கு நெழல்ல தாணு கண்ணசந்துட்டாரு.

வெதுவெதுன்னு பச்சை வெளிச்சம். தாணு அதுக்குள்ள மெதந்துக்கிட்டிருந்தாரு. கை இல்ல, கால் இல்ல. மூஞ்சி பூரா தாடைதான், அருவா மாதிரி. குடிக்கக் குடிக்க இனிப்பு. எங்கேயோ வெளிய கறுக், கறுக்னு ஒரு சத்தம், ஓலையில மழை விழற மாதிரி தாலாட்டிக்கிட்டே இருந்துச்சு.

அந்தப் பச்சைக்குள்ள இன்னொருத்தன் மெதந்து வந்தான். அவனுக்கும் அதே தாடை. உத்துப் பாத்தா, அதுக்கு மேல மூக்குக்கண்ணாடி.

தாணு வாயத் தொறந்தாரு. ஒரே கடி.

கண்ணாடி மட்டும் தனியா மெதந்து போச்சு.

ஜெயிச்சாச்சு.

ஆனா அந்தச் சத்தம் நின்னுபோச்சு.

தாணு தூக்கிவாரிப்போட்டு முழிச்சாரு. எதிர்ல ஐயம்பெருமாள் இல்ல. புழுவோட பின்பக்கத்துல அரிசி மாதிரி ஒரு சின்னக் கூடு ஒட்டிக்கிட்டிருந்துச்சு.

உள்ள ஓடினாரு. அம்மை அப்பதான் கவளத்தைத் தூக்கியிருந்தாங்க.

"அம்மா, ஒரே ஒரு கூடுதான் இருக்கு. மொதல்ல வந்ததுதான் ஜெயிச்சிருக்கும். அப்ப நான்தானே?"

கவளம் நின்னுச்சு.

"புழு என்ன பண்ணுது அண்ணாச்சி?"

புழுவ யாரு பாத்தா? தாணு திரும்பவும் செடிக்கு ஓடினாரு.

புழு உசிரோடதான் இருந்துச்சு. உள்ள இருந்ததெல்லாம் போயி, காத்துப்போன பை மாதிரி. பின்னங்காலால கூட்டை இறுக்கிப் புடிச்சிருந்துச்சு. ஒரு எறும்பு கூட்டுக்கிட்ட வந்ததும், மெதுவாத் தலையத் தூக்கி ஒரு உதறு உதறுச்சு.

தாணு ஒரு கொழுந்தைக் கிள்ளி அது வாய்க்கிட்ட வச்சாரு.

இலை மேல வாய் இருந்துச்சு. அசையல.

காத வச்சுக் கேட்டாரு. ஒரு சத்தமும் இல்ல.

திரும்பி வந்தப்போ, அம்மை அதே கவளத்தோட உக்காந்திருந்தாங்க. பழையசோத்துத் தண்ணி முழங்கை வழியா வழிஞ்சு, வளையல்ல சொட்டிக்கிட்டிருந்துச்சு. அதுக்குள்ள ஐயம்பெருமாள் எதிர்ல வந்து உக்காந்து தொண்டையக் கனைச்சுக்கிட்டிருந்தாரு.

"அம்மா, எனக்கு ஒரு சின்ன..."

தாணு பின்னாலருந்து அவரு வாயைப் பொத்தினாரு. கண்ணாடி கோணிக்கிச்சு.

"எங்க கிட்ட கேக்க ஒண்ணும் இல்லம்மா. சாப்பிடுங்க."

அம்மை ரெண்டு பேரையும் பாத்தாங்க. கவளத்தை வாயில வச்சாங்க. ஒரு சின்ன உள்ளி வெங்காயத்தைக் கடிச்சாங்க.

கறுக்.

தாணு கைய எடுக்கல.

கறுக், கறுக்.