முப்பத்திரண்டு வருஷக் கணக்கு

கனகவல்லி அம்மாவிடம் மூச்சுப் பயிற்சிக்கு வருகிறவர்களில் நோட்டுப் புத்தகத்தோடு வருகிற ஒரே ஆள் ஏகாம்பரம். தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. அம்மாவுக்கு நாற்பத்து நாலு. இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை சார் என்பார். வேலூரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் நடக்கிற வகுப்பு. அங்கே யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அம்மா முன்பு பதினாறு வருஷம் நர்ஸாக இருந்தவர். பேச்சு குறைவு. நாம் ஒன்று கேட்டால் பாதி நாள் பதிலே வராது. வகுப்பில் ரொம்ப நாளாக இருக்கிற எனக்கு அது பழகிவிட்டது. ஏகாம்பரத்துக்குப் பழகவில்லை. கேள்விக்குக் கீழே பதில் எழுதவில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

கத்திரி பிறந்த நாலாம் நாள், வகுப்பு முடிந்ததும் நோட்டைப் பிரித்தார்.

"அம்மா, வீட்டு மாடியில சோலார் போடலாமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லணும்."

"கணக்குப் போட்டீங்களா?"

"போடாம இருப்பேனா! சின்னதா ஒரு கிலோவாட். மானியம் போக நம்ம கையிலேர்ந்து நாப்பதாயிரம். எங்க வீட்டு கரண்ட் பில் வருஷம் பூராவும் சேர்த்தே ஆயிரத்து இருநூத்தம்பதுதான். போட்ட பணம் திரும்பி வர முப்பத்திரண்டு வருஷம் ஆகும். பேனலுக்கு ஆயுசே இருபத்தஞ்சுன்னு கம்பெனிக்காரனே சொல்றான்."

"அப்போ வேணாம்னு முடிஞ்சுபோச்சே."

"முடிஞ்சுதான் போச்சு. வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறா."

சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறியது. எதிர்வீட்டில் பேனல் போட்டு ஆறாயிரம் பில் நூற்றுச் சொச்சமாகிவிட்டதாம். அதைப் பார்த்துவிட்டு மனைவி பூங்காவனமும் கேட்கிறாராம்.

"அவன் வீட்ல மூணு ஏசி, அவனுக்கு மிச்சம். நமக்கு என்ன மிச்சம் சொல்லுங்க? முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு குந்துமணி தங்கம் வாங்கிக் குடுன்னு கேட்டவ இல்லம்மா அவ. போன கத்திரியில சமையல்கட்டுல மயங்கி விழுந்தா, ரெண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏத்தினோம். அதிலேர்ந்து இதே பேச்சு. இப்ப ரெண்டு நாளா அந்தப் பேச்சும் இல்ல. சோறு வைக்கறா, போறா."

"எதுக்குக் கேக்கறாங்க?"

"தெரியலையேம்மா."

"நீங்க கேட்டீங்களா?"

"கணக்கைக் காட்டினேன்."

அம்மா பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வர்றேன்."

"ஐயையோ, கத்திரிம்மா! சாயங்காலமா வாங்களேன், காத்தாட உட்காரலாம்."

"ரெண்டு மணிக்கு."

மறுநாள் அம்மாவை என் ஸ்கூட்டரில்தான் அழைத்துப் போனேன். வேலூர் கத்திரி எப்படி என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஏகாம்பரம் வீடு இருக்கிற சத்துவாச்சாரி போய்ச் சேருவதற்குள் ஹேண்டிலைத் தொட முடியவில்லை. மனசுக்குள் ஏகாம்பரத்தைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன். அம்மாவையும் கொஞ்சம் திட்டினேன்.

ஏகாம்பரம் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஹாலில் ஒரு ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ரெகுலேட்டர் இரண்டைத் தாண்டாதபடி கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். குரு வந்த மரியாதைக்கு நகத்தால் டேப்பைப் பிய்த்து ஐந்தில் வைத்தார். அந்த ஃபேன் ஐந்தைப் பார்த்து எத்தனை வருஷமோ, கடகடவென்று ஆடியது.

"ரெண்டு மாசத்துக்கு இருநூறு யூனிட். அதைத் தாண்டினா ரேட் ஏறிடும். தாண்ட விடமாட்டேன். தினம் காலையில மீட்டரைப் பார்த்து எழுதிடுவேன். நூத்தித் தொண்ணூறு வந்துடுச்சுன்னா மிக்ஸி போடறதில்ல, அம்மியில அரைச்சுக்குவோம். இந்தத் தெருவுலயே கம்மி பில் நம்ம வீடுதான்."

அரைச்சுக்குவோம் என்றாரே, அந்தக் கூட்டத்தில் இவரும் உண்டா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அம்மா பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

பூங்காவனம் மோர் கொண்டுவந்தார். நனைத்த துண்டைத் தலையில் சுற்றியிருந்தார். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வேர்க்குரு சிவந்து கிடந்தது. அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"தலை சுத்தல் இருக்குதா?"

"போன வருஷம்தான் விழுந்தேன். இந்த வருஷம் இன்னும் இல்ல."

"சோலார் நீங்கதான் கேட்டீங்களாமே, எதுக்கு?"

பூங்காவனம் புருஷனை ஒரு பார்வை பார்த்தார்.

"சமையல்கட்டுல ஒரு ஃபேன் மாட்டிக்கலாம்னு."

"ஃபேனா!" ஏகாம்பரம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "ஒரு ஃபேனுக்கா நாப்பதாயிரம்? ஃபேன் வேணும்னா ஃபேன் வேணும்னு கேக்கறதுதானே?"

"எட்டு வருஷமா கேட்டேன். யூனிட் ஏறும்னீங்க. வெயில்ல வர்ற கரண்டுக்கு யூனிட் கிடையாதுன்னு எதிர்வீட்டுல சொன்னாங்க. இன்னா பண்றது, அதான் அதைக் கேட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். நான்தான் குடித்துக்கொண்டிருந்த மோரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏகாம்பரம் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மனுஷர், அவ்வளவு லேசில் விடுவாரா?

"சரிம்மா, அவ கஷ்டம் எனக்குப் புரியுது. அது வேற. கணக்கு வேற இல்லையா? என் கணக்குல எங்கே தப்புன்னு காட்டுங்க, நாளைக்கே போட்டுடறேன்."

"எனக்குக் காட்டத் தெரியாது சார். இன்னொரு தரம் போடுங்க, பக்கத்துல இருந்து பார்க்கறேன்."

"தாராளமா." நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இங்கே இல்ல, அங்கே" என்று அம்மா சமையல்கட்டைக் காட்டினார்.

மேற்குப் பார்த்த சமையல்கட்டு. ஜன்னல் ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டுச் சுவருக்கு நேராக. சுவரில் கை வைத்தேன், உடனே எடுத்துக்கொண்டேன். ஏகாம்பரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் வரி எழுதினார். பேனல் விலை. இரண்டாம் வரி மானியம். மூன்றாம் வரி கைக்காசு. நாலாம் வரிக்கு வருவதற்குள் நெற்றி வேர்வை மூக்கு வழியாக இறங்கி நாற்பதாயிரத்தின் மேல் விழுந்தது. துடைத்தார், ஒரு சைபர் அழிந்தது. திரும்ப எழுதினார். வகுத்தல் தப்பியது. அடித்தார். மறுபடியும் தப்பியது.

"ஹால்ல உட்கார்ந்து போட்டுடறேனேம்மா. மண்டை கொதிக்குது, ஒண்ணும் ஓடமாட்டேங்குது."

"இங்கேயே போடுங்க சார்."

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெரிய கணக்குப் புலி, நாற்பதாயிரத்தை ஆயிரத்து இருநூற்றைம்பதால் வகுக்கலாமா பெருக்கலாமா என்று விரல் விட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன், அவர் அசையவில்லை.

பூங்காவனம் அரிசி டிரம்மின் மேலிருந்து பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்தார். யாரும் சொல்லவில்லை. புருஷனுக்குப் பின்னால் நின்றுகொண்டு விசிற ஆரம்பித்தார். தன் முகத்தில் வழிவதை இடது தோளால் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரத்தின் மூச்சு சீரானது. நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தைப் புரட்டிப் புதிதாக ஆரம்பித்தார். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. விலை, மானியம், பில், வகுத்தல் எல்லாம் கடகடவென்று வந்தன. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"பாருங்கம்மா, அதே முப்பத்திரண்டு. எங்கே உட்கார்ந்து போட்டாலும் கணக்கு கணக்குதான்."

அம்மா நோட்டை வாங்கினார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். பக்கத்தைத் திருப்பி அந்தப் பக்கத்தையும் பார்த்தார்.

"விசிறினதுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க சார்?"

"என்ன விசிறினது?" என்று ஏகாம்பரம் திரும்பினார்.

பூங்காவனம் கை மாற்றி விசிறிக்கொண்டிருந்தார்.