மடி தொலைத்த தாய்மாமன்

கோட்டைப்பட்டி வெங்காய மண்டியில் வீரணன், ஒச்சப்பன், மாயழகு என்று மூன்று பேர் மூட்டை தூக்கினார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து முதுகு மூன்று. மூளை எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்த வீரணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்தவன் நிமிர்ந்தபடியே நின்றான். குனிய முடியவில்லை, உட்கார முடியவில்லை. வேறு நாளாக இருந்தால் நின்றுகொண்டே காலத்தை ஓட்டியிருப்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா பஞ்சவர்ணத்தின் மகள் யாழினிக்குக் காது குத்து. பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். நிற்கிறவனுக்கு ஏது மடி?

"எனக்குக் காதே குத்தலடா," என்று வீரணன் கண்கலங்கினான். "எங்க மாமா சோணைமுத்து, பந்தியில அப்பளம் வைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. மாமா மடி இல்லாமக் குத்தக்கூடாதுன்னு அப்படியே விட்டுட்டாங்க. அந்தக் கதி யாழினிக்கு வரக்கூடாது."

நண்பர்கள் இருவரும் வெங்காயச் சருகில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"உக்காந்தா மடி இருக்கு, எந்திரிச்சா இல்ல. அப்ப அது எங்க போவுது?" என்றான் ஒச்சப்பன்.

"உள்ள போயிரும்."

"எதுக்குள்ள?"

"முதுகுக்குள்ளதான். வேற எங்க எடம் இருக்கு? உள்ள போனது சிக்கிக்கிச்சு," என்றான் மாயழகு.

வீரணனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

திண்டுக்கல்லில் கைரோபிராக்டர் என்று ஒரு டாக்டர் இருக்கிறார், மருந்து மாத்திரை கிடையாது, கையாலேயே முதுகெலும்பைச் சரிபண்ணுகிறார் என்று மண்டி முதலாளி சொன்னார். வீரணனைக் குட்டியானை வண்டியில் நிற்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள். வழியில் இரண்டு ஊர்களில் யாரோ ஓட்டுக் கேட்டு வருகிறார் என்று நினைத்து ஜனங்கள் கும்பிட்டார்கள். வீரணனும் மரியாதைக்குத் திருப்பிக் கும்பிட்டான்.

டாக்டர் அறையில் இருவரும் அவனைக் கட்டிலுக்கு மேலே குறுக்காகத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். "அப்படியே விட்டுருங்க," என்றார் டாக்டர். விட்டுவிட்டார்கள். தொப்பென்று விழுந்த வீரணன், வைத்தியம் ஆரம்பித்துவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

டாக்டர் முதுகைத் தடவினார், அமுக்கினார், ஒரு அழுத்து அழுத்தினார். மடக்!

"ஐயோ, என்ன ஒடைஞ்சுது?" என்று ஒச்சப்பன் அலறினான்.

"ஒண்ணும் ஒடையல. மூட்டுக்குள்ள இருக்கிற காத்து சத்தம் போடுது, அவ்வளவுதான்."

மாயழகு பாய்ந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். "வீரணன் காத்து டாக்டர். வெளிய போச்சுன்னா எப்படிப் பிடிக்கிறது?"

டாக்டர் ஜன்னலையும் மாயழகையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்ப உக்காருங்க," என்றார். வீரணன் உட்கார்ந்தான். மடி வந்துவிட்டது! தொட்டுப் பார்த்தான். நண்பர்களும் தொட்டுப் பார்த்தார்கள்.

"ஆனா மூணு நாளைக்கு எடை கூடாது. மடியில பூனைக்குட்டிகூட வச்சுக்கக் கூடாது. கண்ணாடிச் சாமான் மாதிரி பாத்துக்கணும்," என்றார் டாக்டர்.

"பதினோரு கிலோ பிள்ளை, டாக்டர்?" என்று கேட்டான் வீரணன்.

"கூடவே கூடாது."

வீரணனுக்கு உலகமே இருண்டுவிட்டது. மாயழகு அவன் காதில் சொன்னான்: "எடைதானே கூடாதுங்கிறாரு? பிள்ளை கூடாதுன்னு சொல்லலையே!"

கண்ணாடிச் சாமானை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலை, மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதில் வீரணனை உட்காரவைத்து, 'உடையும் பொருள், கவிழ்க்காதே' என்று கரியால் எழுதி மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். பெட்டியோடு மண்டியின் தொங்கு தராசும் வந்தது. உத்தரத்தில் கயிறு போட்டுத் தராசைக் கட்டி, அதன் கொக்கியில் சேலைத் தூளியை மாட்டி, யாழினியை அதில் வைத்து, வீரணன் மடிக்கு அரை அங்குலம் மேலே நிறுத்தினார்கள்.

"பிள்ளை மடியில இருக்கு. எடை தராசுல இருக்கு. டாக்டர் வந்து பாத்தாலும் குத்தம் சொல்ல முடியாது," என்றான் மாயழகு. தராசு முள் பதினொன்றில் நின்றது. பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் தம்பி வந்துவிட்டானே என்று அவளுக்குக் கண் நிறைந்துதான் இருந்தது.

ஆசாரி முதல் காதைக் குத்தினார். பிள்ளை வீரிட்டு ஓர் உதை விட்டது. தூளி ஆடியது. பிடிக்கலாம் என்று வீரணன் கையோடு தலையையும் நீட்ட, இரண்டாவது குத்து அவன் காதில் இறங்கிவிட்டது.

ஆசாரி ஊசியைத் துடைத்தார்.

"ரெண்டு குத்துன்னு பேசினோம், ரெண்டும் ஆச்சு," என்றான் ஒச்சப்பன்.

"எப்படி ஆகும்? வீரணன் அவன் தாய்மாமன் மடியில இல்லாமக் குத்தினது செல்லாது," என்றான் மாயழகு.

பந்தி போடக் காத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார் சோணைமுத்து. எழுபத்திரண்டு வயது. அப்பளம் உண்டா என்று கேட்டு உறுதி பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"மாமாவுக்குப் பாரமா இருக்குமேடா. டாக்டர் எடை கூடாதுன்னாரே," என்றான் வீரணன்.

"உன் மேல எடை வைக்கக் கூடாதுன்னாரு. உன்னை எடையா வைக்கக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே!" என்றான் மாயழகு.

வீரணனை அலுங்காமல் தூக்கிச் சோணைமுத்து மடியில் வைத்தார்கள். தராசையும் அங்கே நகர்த்தி, யாழினியை வீரணன் மடிக்கு மேலே கொண்டுவந்தார்கள். ஆசாரி வீரணன் காதின் அதே துளையில் ஊசியை மறுபடி ஒரு தடவை விட்டெடுத்துக் குத்தைச் செல்லுபடியாக்கிவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு பிள்ளையின் இரண்டாவது காதைக் குத்தி முடித்தார். முப்பத்தைந்து வருஷம் கழித்து மாமன் மடியில் உட்கார்ந்த வீரணன் விம்மி விம்மி அழுதான்.

அந்த விம்மலில் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மடக்!

"அதே சத்தம்!" என்று ஒச்சப்பன் ஜன்னலைச் சாத்த ஓடினான்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளையையும் வீரணனையும் இறக்கினார்கள், எல்லோரும் எழுந்தார்கள். சோணைமுத்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். நாற்காலியும் சேர்ந்து வந்ததே தவிர, அவர் நிமிரவில்லை.

மாயழகு அவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மடியைத் தட்டிப் பார்த்தான். நல்ல கெட்டியாக இருந்தது.

"பஞ்சவர்ணம் அக்கா, அடுத்த பிள்ளையைத் தைரியமாப் பெத்துக்கங்க," என்றான். "இந்த மடி இனிமே எங்கயும் போவாது."