மேடம் வானம்

பால்வீதியின் நடுவில் தூசி போர்த்திய நட்சத்திரங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் சூடு மட்டும் அகச்சிவப்புக் கருவிக்கு எட்டும். ஆனால் வானத்துக்கும் சூடு உண்டு. அதனால் நட்சத்திரத்தை ஒரு படம், சற்றுத் தள்ளி ஒன்றுமில்லாத இடத்தை ஒரு படம் எடுப்பார்கள். முதல் படத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நட்சத்திரத்தின் சூடு மட்டும் மிஞ்சும்.

அந்த ஒன்றுமில்லாத இடத்தைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தேர்ந்தெடுத்தவர் பேராசிரியர் சௌதாமினி. மாணவர்கள் அதற்கு 'மேடம் வானம்' என்று பேர் வைத்திருந்தார்கள். காலி இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

அவரிடம் ஆய்வு செய்த ஜெசிந்தா பார்த்துவிட்டாள்.

மதியம் ஆய்வேட்டோடு மேடம் அறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமைக்குள் அதில் கையெழுத்து விழாவிட்டால் ஆறு வருஷமும் போச்சு. அவள் குழந்தை நாகர்கோவிலில் பாட்டியிடம் வளர்ந்தது. காலையில் போனில் அது அவளை "ஆன்ட்டி" என்றது.

"என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி வர்றே? எங்கேயாவது கமா விட்டுப்போச்சா?"

"மேடம், நம்ம பதினாறு நட்சத்திரமும் மங்கிட்டு வருதுன்னு எழுதியிருக்கோம்."

"என் பேரே அதுலதான் நிக்குது. சொல்லு."

"மங்கலை மேடம். கழிக்கிற இடம் காலி இல்லை. அங்கேயும் தூசிக்குள்ள ரெண்டு இருக்கு. அதுங்க வருஷா வருஷம் பிரகாசமாகுது. நாம அதிகமாக் கழிச்சுட்டே வர்றோம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. இதை எழுதலாமா மேடம்?"

மேடம் இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய படத்தை மேஜைமேல் வைத்தார். அதே இடம். இரண்டு புள்ளிகளைச் சுற்றிப் பென்சில் வட்டம். ஓரத்தில் ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"சந்தனகுமார்னு ஒருத்தன். உன் நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தான். உன்னைவிடக் கெட்டிக்காரன்."

"அந்தப் பேரை நான் கேட்டதே இல்லையே மேடம்."

"கேட்டிருக்க மாட்டே. அவன் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடலை."

"இப்ப எங்கே இருக்கார்?"

"தெரியாது. நான் தேடலை."

மேடம் கையெழுத்துப் பக்கத்தைப் புரட்டினார். பேனா முனை தாளுக்கு மேலே நின்றது.

"இப்ப சொல்லு. அந்த இடத்துல என்ன பார்த்தே?"

ஜெசிந்தா பென்சில் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் காத்திருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஆய்வேட்டின் மேல் அந்தப் பழைய படத்தையும் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"இதையும் எடுத்துட்டுப் போ. நாளைக்கு நீ என் நாற்காலியில இருக்கிறப்போ, உன் மாணவர் ஒருத்தர் இதையே வந்து கேட்பார். அப்ப வேணும்."