கலெக்டரின் தவச்சூடு

தை மாத உறைபனியில் ஊட்டியில் எல்லார் வீட்டுப் புல்லும் வெளுத்துக் கிடக்கும். ஓய்வுபெற்ற கலெக்டர் ஞானசம்பந்தம் தியானம் பண்ணும் இடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சையாகவே இருக்கும்.

"என் தவச்சூடு" என்பார். வந்தவர்கள் அந்தப் புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் அவர் வீட்டுச் செப்டிக் டேங்க் அடைத்துப்போய், கக்கூஸ் பொங்கி வழிந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புது டேங்க் வைக்கக் கொத்தனார் போஜன் வந்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. பழைய டேங்க் எங்கே புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"ஒரே குழிதான் தோண்டணும். தப்பாப் போச்சுன்னா புல்வெளி முழுக்க நீயே கொத்திப் புதுசா நட்டுக் குடுக்கணும்" என்றார் கலெக்டர்.

"சரிங்கய்யா. காலைல பனி உருகறதுக்குள்ள வந்துடறேன்."

மறுநாள் விருந்தாளிகள் சூழ, கலெக்டர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். போஜன் புல்வெளியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடப்பாரையோடு அவர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா கொஞ்சம் எந்திரிச்சா தோண்டிரலாம்."

"இங்கேயா? இது என் சூடுய்யா!"

"ஐயாவோட சூடுதாங்க, யார் இல்லேன்னாங்க? ஆனா மேலேருந்து கீழ போகலீங்க. கீழேருந்து மேல வருது."

இரண்டடி ஆழத்தில் கடப்பாரை டேங்க் மூடியில் டங்கென்று இடித்தது.

விருந்தாளிகள் கையும் கண்ணும் கழுவக் குழாய் எந்தப் பக்கம் என்று விசாரித்தார்கள்.