வால் பக்கமிருந்து படித்தவள்
முகாமுக்குப் போகவேண்டிய நாலாயிரம் தடுப்பூசிப் பெட்டிகள் குடோனில் நின்றுவிட்டன. வழியில் எட்டு டிகிரியைத் தாண்டிச் சூடாகிக் கெட்டுப்போன பெட்டிகள் எவை என்று தெரியவேண்டும். வெப்ப அளவுகள் மொத்தமும் கிளவுடில் 'பார்க்கே' என்ற வகை ஃபைல் ஒன்றில் கிடந்தன.

"பத்துக் கோடி வரி டாக்டர்! மேலேருந்து படிக்க ஆறு மணி நேரமாகும். எல்லாத்தையும் கொட்டிடுங்க," என்று முகாம் டாக்டரிடம் ஸ்பீக்கர் போனில் முழங்கினார் டேட்டா பிரிவுத் தலைவர் வைத்தியலிங்கம்.

மூலை மேசையிலிருந்து கான்ட்ராக்ட் ஊழியர் செல்லக்கனி எழுந்தாள். "நான் பாக்கட்டுமா சார்?"

"பாரு. முடியலைன்னா நாளையிலேருந்து வராதே."

அந்த வகை ஃபைல் தகவலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நெடுவரிசைகளைத் தனித்தனியே அடுக்கும். ஒவ்வொரு பகுதியிலும் அதிகபட்ச அளவு என்ன என்பதைத் தன் கடைசியில் குறித்தும் வைக்கும். செல்லக்கனி அந்தக் கடைசிக் குறிப்பை மட்டும் திறந்தாள். ஒரே ஒரு பகுதிதான் எட்டைத் தாண்டியிருந்தது. அதில் வெப்பத்தையும் பெட்டி எண்ணையும் மட்டும் படித்தாள். ஆன நேரம் நாலு நிமிஷம்.

"மூணே பெட்டிதான் டாக்டர். எண் சொல்றேன், எழுதிக்குங்க. மிச்சத்தைத் தாராளமாப் போடலாம்."

"மகராசியா இரும்மா! பிள்ளைங்க காலையிலேருந்து காத்துக்கிடக்குதுங்க," என்றார் போனில் டாக்டர் மெஹருன்னிசா.

வைத்தியலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "முழுசாப் படிக்காம, கடைசியை மட்டும் பாத்து முடிவு சொல்ல எங்க கத்துக்கிட்டே?"

"உங்ககிட்டதான் சார். என் பயோடேட்டாவுல கடைசி வரி 'தமிழ் மீடியம்'னு பாத்ததுமே மூலையில உக்காரச் சொன்னீங்களே, அன்னைக்குக் கத்துக்கிட்டது. ரொம்ப நன்றி சார்."

போனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. டாக்டரம்மா சிரித்தது அறை முழுக்கக் கேட்டது.